நோயெதிர்ப்புச் செல்மரணப் புரதங்களின் பரிணாமத்தைத் தடம்பிடித்து அறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கிருமி புகுந்த செல் தன்னைத்தானே அழித்துக்கொண்டால், உள்ளே பெருகிக்கொண்டிருந்த கிருமிக்கு இருப்பிடம் இல்லாமல் போகிறது. அக்கம்பக்கத்துச் செல்கள் தப்பிக்கின்றன. இந்தத் தற்காப்பு மனித உடலுக்கு மட்டும் உரியதன்று. பாக்டீரியா, பூஞ்சை, தாவரம், பவளம், மீன் என உயிர்களின் எல்லாக் கிளைகளிலும் இது நடக்கிறது. அந்த மரணத்தை நிறைவேற்றும் புரதங்களில் சில, கோடிக்கணக்கான ஆண்டுகள் பிரிந்திருந்தும் ஒரே மடிப்பை, அதாவது முப்பரிமாண வடிவத்தை, கொண்டிருக்கின்றன என்பது கடந்த சில ஆண்டுகளில்தான் தெளிவாகியிருக்கிறது. பொதுவில் இலவசமாகக் கிடைக்கும் தரவுத்தளங்களையும் மென்பொருள்களையும் கொண்டு அத்தகைய புரதம் ஒன்றின் வரலாற்றை ஒருவர் தாமே தேடிக் கண்டறியும் முறையை இந்த வழிகாட்டி விளக்குகிறது. சவ்வில் துளையிட்டுச் செல்லைக் கொல்லும் கேஸ்டெர்மின் என்ற புரதக் குடும்பத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தேவையான இடங்களில் பிற குடும்பங்களையும் தொட்டுச் செல்வோம்.

முழு வேலைக்கும் அடிப்படையான கருத்து ஒன்று உண்டு. பரிணாமத்தில் முழுப் புரதங்கள் அப்படியே கைமாறுவது குறைவு. அவற்றின் களங்கள், அதாவது தனித்து மடியும் பகுதிகள், பிரிந்தும் இணைந்தும் புதிய கூட்டுகளாக மாறுகின்றன. ஆகவே புரதத்தின் பெயரைப் பின்தொடர்பவர் வழிதவறுவார். களத்தைப் பின்தொடர்பவரே வரலாற்றை எட்டுவார்.

முதல் படி: எந்த மரணம், அதில் எந்தப் பங்கு என்பதை வரையறுத்துக்கொள்ளுங்கள்

செல்மரணம் என்று பொதுவாகச் சொன்னால் தேடல் உடனே குழம்பிவிடும். 1972-இல் கெர், வில்லி, கர்ரி ஆகிய மூவரும் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டது, செல் சுருங்கி, ஆரவாரமின்றிச் சிதைந்து, அண்டைச் செல்களால் விழுங்கப்படும் மரணம். 2001-இல் பைரோப்டோசிஸ் எனப் பெயர் பெற்றது, சவ்வில் துளை விழுந்து, செல் வீங்கி வெடித்து, அழற்சியைத் தூண்டும் மரணம். நெக்ரோப்டோசிஸ் என்பதும் வெடிக்கும் மரணமே. ஆனால் அதைச் செய்வது எம்எல்கேஎல் என்ற வேறொரு புரதம். தாவரங்களில் நோய்க்கிருமி தொட்ட இடம் கருகி மடிவதை 1915-இல் ஸ்டேக்மன் மிகையுணர்வு எதிர்வினை என்று குறித்தார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜ் பெருகி முடிவதற்கு முன்பே பாக்டீரியா செத்துப்போவது, இதே உத்தியின் ஒற்றைச் செல் வடிவம்.

அடுத்து, நீங்கள் தேர்ந்த புரதம் அந்த நிகழ்வில் என்ன வேலை செய்கிறது என்று தீர்மானியுங்கள். பெரும்பாலான பாதைகளில் மூன்று பங்குகள் இருக்கின்றன: கிருமியின் தடயத்தைக் கண்டுகொள்ளும் உணர்வி, பிற புரதத்தை வெட்டுவதன் மூலம் செய்தியைக் கடத்தும் புரோட்டியேஸ் என்ற நொதி, சவ்வைத் துளைக்கும் செயலாற்றி. கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்லான மனித மேக்ரோஃபேஜில் உணர்விகள் கூடி இன்ஃப்ளமசோம் என்ற அமைப்பாகின்றன. அது காஸ்பேஸ்-1 என்ற புரோட்டியேஸைத் தூண்டுகிறது. காஸ்பேஸ்-1 கேஸ்டெர்மின்-டியை வெட்டுகிறது. இந்த மூன்றின் பரிணாம வயதும் ஒன்றல்ல. உணர்விகள் வேகமாக மாறுகின்றன, பல உயிரினங்களில் தொலைந்தும் போகின்றன. செயலாற்றியின் மைய மடிப்போ மிகவும் பழமையானது. எனவே ஒரு பாதையின் வயது என்ன என்று கேட்காமல், அதன் ஒவ்வொரு உறுப்பின் வயதையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: தொடக்க வரிசையைக் கையால் படியுங்கள்

யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் மனித கேஸ்டெர்மின்-டியின் அடையாள எண் பி57764. அதில் 484 அமினோ அமிலங்கள் உள்ளன. வரிசையை உடனே தேடுபொறியில் இடாமல், சற்று நேரம் செலவிட்டுப் படியுங்கள். முன்பாதி, சவ்வில் துளையிடும் களம். பின்பாதி, அந்தக் களத்தை அணைத்து அடக்கி வைத்திருக்கும் களம். உறைக்குள் இருக்கும் கத்தியைப் போன்ற இந்த அமைப்பில், உறையைக் கழற்றும் வேலை இரண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பில் விழும் வெட்டினால் நடக்கிறது. மனிதனில் அந்த வெட்டு 275-ஆம் இடத்திலுள்ள ஆஸ்பார்டிக் அமிலத்துக்கு அடுத்து விழுகிறது. பினைலலனின், லூசின், திரியோனின், ஆஸ்பார்டிக் அமிலம் என்ற நான்கெழுத்துத் தொடர் அங்கே இருப்பதை நீங்களே பார்க்கலாம்.

இந்த வெட்டைக் கண்டறிந்த ஆய்வுகள் 2015-இல் வெளிவந்தன. பெய்ஜிங்கில் ஃபெங் ஷாவ் குழுவும் அமெரிக்காவில் விஷ்வா தீட்சித் குழுவும் ஒருவரையொருவர் சாராமல் அதைச் செய்தன. விடுபட்ட முன்பாதிகள் சவ்வில் கூடி வளையமாகின்றன. 2021-இல் வெளியான கட்டமைப்பில், ஒரு வளையத்தில் 33 துணையலகுகளும் ஏறத்தாழ 21 நானோமீட்டர் உள்விட்டமும் காணப்பட்டன. அழற்சியைத் தூண்டும் முதிர்ந்த இன்டர்லூகின்-1 பீட்டா போன்ற சிறு புரதங்கள் வெளியேற அந்த அகலம் தாராளமாகப் போதும்.

மூன்றாம் படி: தேடலை மூன்று அடுக்குகளாகச் செய்யுங்கள்

முதல் அடுக்கு, வரிசையை வரிசையோடு நேரடியாக ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் மென்பொருள். மனித வரிசையைக் கொண்டு முதுகெலும்பிகளில் தேடினால் உறவுப் புரதங்கள் எளிதில் கிடைக்கும். மனிதனில் மட்டுமே ஆறு கேஸ்டெர்மின்கள் உள்ளன: ஏ, பி, சி, டி, ஈ, பெஜ்வாகின். ஈ-மதிப்பு, அதாவது இவ்வளவு ஒற்றுமை தற்செயலாகவே எத்தனை முறை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு, 0.001-க்கும் கீழே இருப்பவற்றை முதல் பட்டியலில் வையுங்கள். பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் கேஸ்டெர்மின்-ஈயின் கதை. காதுகேளாமைக்குக் காரணமான மரபணுவாக 1998-இல் கண்டறியப்பட்ட அது, டிஎஃப்என்ஏ5 என்ற பெயரிலேயே நெடுங்காலம் தரவுத்தளங்களில் இருந்தது. காஸ்பேஸ்-3 அதை வெட்டினால் செல் வெடிக்கும் என்பது 2017-இல்தான் காட்டப்பட்டது. பெயரை மட்டும் வைத்துத் தேடியவர்களுக்கு அதுவரை அது கண்ணில் பட்டிருக்காது.

இரண்டாம் அடுக்கு சுயவிவரத் தேடல். மனித வரிசை ஒன்றைக் கொண்டு பூஞ்சையை எட்டுவது கடினம். பாக்டீரியாவை எட்டுவது அதைவிடக் கடினம். எனவே பல உயிரினங்களின் வரிசைகளை அடுக்கி, எந்த இடத்தில் எந்த அமினோ அமிலம் எவ்வளவு வாய்ப்புடன் வருகிறது என்ற சுயவிவரத்தை உருவாக்கி, ஹம்மர் மென்பொருளின் வழியாகத் தேட வேண்டும். துளையிடும் களத்துக்குப் பிஃபாம் என்ற புரதக் களத் தொகுப்பில் ஆயத்தச் சுயவிவரம் உண்டு. அதன் எண் பிஎஃப்04598. சுற்றுக்குச் சுற்று புதிய வரிசைகளைச் சேர்த்துக்கொண்டே போகும் தேடலில் ஓர் ஆபத்து இருக்கிறது: தொடர்பில்லாத ஒரு வரிசை உள்ளே நுழைந்துவிட்டால், அடுத்த சுற்றில் அது தன் உறவினர்களையெல்லாம் இழுத்து வந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் புதிதாகச் சேர்ந்தவற்றைக் கண்ணால் பார்த்துச் சரிபாருங்கள்.

மூன்றாம் அடுக்கு கட்டமைப்புத் தேடல். வரிசை முழுவதும் மாறிப்போன பின்பும் மடிப்பு நிலைத்திருக்கும் என்பதே இதன் அடிப்படை. ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளத்தில் 20 கோடிக்கும் மேற்பட்ட கணிக்கப்பட்ட கட்டமைப்புகள் உள்ளன. ஃபோல்ட்சீக் மென்பொருள் அவற்றை விரைவாக ஒப்பிட்டுத் தருகிறது. இரு கட்டமைப்புகளின் ஒற்றுமையை 0 முதல் 1 வரை அளக்கும் டி.எம். மதிப்பெண் 0.5-க்கு மேல் இருந்தால் இரண்டும் ஒரே மடிப்பு என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆயினும் கணிப்பின் நம்பகத்தன்மை மதிப்பெண் நூற்றுக்கு 70-க்குக் கீழே இருக்கும் பகுதிகளை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். கேஸ்டெர்மினில் வெட்டு விழும் இணைப்பு பெரும்பாலும் இத்தகைய நெகிழ்ந்த பகுதியிலேயே இருப்பதால், அங்கே கட்டமைப்பு உங்களுக்கு உதவாது, வரிசைதான் உதவும்.

இந்த மூன்று அடுக்குகளின் பயனை 2020-க்குப் பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன. நியூரோஸ்போரா கிராசா என்ற பூஞ்சையின் ஆர்சிடி-1 புரதம் கேஸ்டெர்மினின் உறவு என்பது 2020-இல் தெரியவந்தது. 2022-இல் பாக்டீரியாவிலும் கேஸ்டெர்மின்கள் இருப்பதையும், அவற்றின் படிகக் கட்டமைப்பு பாலூட்டிகளின் துளையிடும் களத்தோடு ஒத்திருப்பதையும், அவை ஃபேஜுக்கு எதிராகச் செயல்படுவதையும் கிரான்சுஷ், சோரெக் ஆகியோரின் குழுக்கள் வெளியிட்டன. பாக்டீரிய வடிவத்தில் பெரிய பின்பாதி கிடையாது. ஏறத்தாழ 20 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு வால் மட்டுமே கொலைக் களத்தை அடக்கி வைக்கிறது. விலங்குகளின் அடக்கும் களம் பிற்காலச் சேர்க்கை என்ற எண்ணத்துக்கு இந்தச் சிறு வால் வலுவூட்டுகிறது. முழுப் புரதத்தையும் ஒரே அலகாக ஒப்பிட்டிருந்தால் இது தென்பட்டிருக்காது.

நான்காம் படி: அடுக்குங்கள், கிளைமரம் வரையுங்கள்

துளையிடும் களத்தை மட்டும் வெட்டியெடுத்து மாஃப்ட் மென்பொருளால் அடுக்கி, இடைவெளி மிகுந்த நெடுவரிசைகளை நீக்கிவிட்டு, ஐக்யூ-ட்ரீ மென்பொருளால் கிளைமரம் வரையலாம். விலங்கு, பூஞ்சை, பாக்டீரியா மூன்றையும் ஒரே மரத்தில் நெருக்கினால், வரிசை ஒற்றுமை மிகக் குறைவு என்பதால், ஆழமான கிளைகள் நம்பத்தக்கவையாக இரா. எனது பரிந்துரை, விலங்குகளுக்குள் தனி மரமும் பாக்டீரியாவுக்குள் தனி மரமும் வரைந்து, இரண்டுக்குமான தொடர்பைக் கட்டமைப்பின் வழியாக மட்டும் பேசுவது. பாக்டீரியாவின் தற்காப்பு மரபணுக்கள் பக்கவாட்டுப் பரிமாற்றத்தால் இனம் விட்டு இனம் தாவுபவை. ஆகவே அங்கே மரபணு மரம் உயிரின மரத்தோடு ஒத்துப்போகாதது பிழையன்று, எதிர்பார்க்க வேண்டியதே.

ஐந்தாம் படி: வெட்டுத்தளத்தைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் அதிகமாக நின்று பேச விரும்பும் இடம் இது. துளையிடும் களம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை யார் திறக்கிறார்கள் என்பதே உயிரினத்துக்கு உயிரினம் மாறுகிறது. பரிணாமத்தின் பெரும்பகுதி அந்தச் சிறிய இணைப்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

உங்கள் அடுக்கில் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் இடைப்பட்ட பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். மனித கேஸ்டெர்மின்-ஈயில் 267 முதல் 270 வரை ஆஸ்பார்டிக் அமிலம், மெத்தியோனின், புரோலின், ஆஸ்பார்டிக் அமிலம் என்று வரும். முதலிலும் நான்காவதிலும் ஆஸ்பார்டிக் அமிலம் அமைந்திருப்பது காஸ்பேஸ்-3-க்குப் பிடித்த அமைப்பு. பவளத்தின் கேஸ்டெர்மின்-ஈயிலும் காஸ்பேஸ்-3 வெட்டுகிறது என்பது 2020-இல் காட்டப்பட்டது. அங்கே ஒன்றுக்கு இரண்டு வெட்டுத்தளங்கள் உள்ளன. விலங்குகளில் கேஸ்டெர்மின்-ஈதான் பழைய வடிவம் என்று கருதுவதற்கு இது ஒரு வலுவான காரணம்.

இப்போது கேஸ்டெர்மின்-டிக்கு வாருங்கள். அது பாலூட்டிகளில் மட்டுமே இருக்கிறது. அப்படியானால் பறவைகளிலும் ஊர்வனவற்றிலும் நீர்நில வாழ்வனவற்றிலும் காஸ்பேஸ்-1 எதை வெட்டுகிறது? அவற்றின் கேஸ்டெர்மின்-ஏயின் இணைப்பில் காஸ்பேஸ்-1-க்கு உரிய வெட்டுத்தளம் இருக்கிறது. சோதனையிலும் அது வெட்டப்படுகிறது. பாலூட்டிகளில் கேஸ்டெர்மின்-டி உருவாகி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பின்பு, கேஸ்டெர்மின்-ஏ அந்தத் தளத்தை இழந்து தோலில் வேறு பணிக்குப் போனது. மனிதத் தோலில் அதை வெட்டுவது நம்முடைய நொதியே அன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜென்ஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்பெபி புரோட்டியேஸ். 2022-இல் இதைக் காட்டிய ஆய்வுகளை நான் இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகக் கருதுகிறேன்: உணர்வியும் இல்லை, காஸ்பேஸும் இல்லை, கிருமியின் ஆயுதமே செல்லின் எச்சரிக்கை மணியாகிவிடுகிறது. கேஸ்டெர்மின்-பியை பாதிக்கப்பட்ட செல்களைக் கொல்லும் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் அனுப்பும் கிரான்சைம்-ஏ புரோட்டியேஸ் வெட்டுகிறது. ஒரே களம், நான்கு வேறு திறவுகள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, நான்கெழுத்துத் தொடர் இருப்பதாலேயே வெட்டு விழும் என்று முடிவுகட்டக் கூடாது. காஸ்பேஸ்-1 கேஸ்டெர்மின்-டியின் பின்பாதியைத் தொலைவிலுள்ள வேறொரு பரப்பால் பற்றிக்கொண்டுதான் வெட்டுகிறது. மற்றொன்று, எல்லா வெட்டும் கொலைக்காக நிகழ்வதில்லை. மனித கேஸ்டெர்மின்-டியின் 87-ஆம் இடத்தில் காஸ்பேஸ்-3 வெட்டினால் துளையிடும் களமே இரண்டாகி, புரதம் செயலிழக்கிறது. வெட்டே தேவைப்படாத வடிவங்களும் உண்டு: டிரைகோபிளாக்ஸ் என்ற மிக எளிய விலங்கின் கேஸ்டெர்மின், டைசல்ஃபைடு பிணைப்பால் இணைந்த இரட்டையாக அடங்கியிருந்து, அந்தப் பிணைப்பு குலையும்போது செயல்படுகிறது. நியூரோஸ்போராவில் ஆர்சிடி-1-இன் இரு வேறு மாற்றுவடிவங்கள், இரண்டு பூஞ்சை இழைகள் ஒன்றோடொன்று இணையும்போது சந்தித்தால், அந்தச் சந்திப்பே மரணத்தைத் தொடங்கிவைக்கிறது.

ஆறாம் படி: அண்டை மரபணுக்களைப் பாருங்கள்

பாக்டீரியாவில் கூட்டாக வேலை செய்யும் மரபணுக்கள் பெரும்பாலும் அருகருகே இருக்கும். பாக்டீரிய கேஸ்டெர்மின் மரபணுவின் பக்கத்தில் காஸ்பேஸ் போன்ற மடிப்புடைய புரோட்டியேஸின் மரபணு அடிக்கடி காணப்படுகிறது. வாலை வெட்டுவது அதுவே. அதே மரபணுத் தொகுதிகளில், மனித இன்ஃப்ளமசோமில் புரதங்களை இணைக்கும் கார்டு களமும் இருப்பது பின்னர் தெரியவந்தது. பூஞ்சையிலும் இந்த வழி பலன் தருகிறது: போடோஸ்போரா ஆன்செரினாவில் எச்இடி-கியூ1 என்பது கேஸ்டெர்மின், அதை வெட்டுவது எச்இடி-கியூ2 என்ற சப்டிலிசின் வகைப் புரோட்டியேஸ். காஸ்பேஸோடு எந்த உறவும் இல்லாத நொதி அதே வேலையைச் செய்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இணை மாறியிருக்கிறது, ஏற்பாடு மாறவில்லை.

ஏழாம் படி: இல்லை என்று சொல்வதற்கு முன் நான்கு முறை சரிபாருங்கள்

பழ ஈயிலும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் புழுவிலும் கேஸ்டெர்மின் இல்லை. நாய், பூனை உள்ளிட்ட ஊனுண்ணி வரிசையில் எம்எல்கேஎல் இல்லை. வௌவால்களில் டி.என்.ஏ.வை உணரும் பிஒய்எச்ஐஎன் குடும்பமே இல்லை. ஓர் இழப்பு, இருப்பைவிட அதிகம் பேசக்கூடியது. ஆனால் அரைகுறையாகப் படிக்கப்பட்ட மரபணுத்தொகுதியும் இழப்பைப் போலவே தோற்றமளிக்கும். புரதப் பட்டியலோடு நிற்காமல் டி.என்.ஏ. வரிசையிலேயே தேடுங்கள். நெருங்கிய உறவினங்கள் பலவற்றில் அதே இழப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மரபணுவின் இருபுறத்து அண்டை மரபணுக்களும் தம் இடத்தில் இருக்க, நடுவில் மட்டும் வெற்றிடமோ சிதைந்த எச்சமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.என்.ஏ. தரவிலும் தடயம் இல்லை என்றால் மட்டுமே இழப்பு என்று எழுதுங்கள்.

எட்டாம் படி: ஒற்றுமை உறவா, ஒருமித்த வளர்ச்சியா என்று பிரித்தறியுங்கள்

தாவரங்களின் நோயெதிர்ப்பு உணர்விகளும் மனித என்எல்ஆர் உணர்விகளும் பார்வைக்கு உடன்பிறப்புகள் போலிருக்கும்: நடுவில் நியூக்ளியோடைடைப் பற்றும் களம், ஒரு முனையில் லூசின் மிகுந்த மறுதொடர்கள். ஆனால் தாவரத்தின் நடுக்களம் என்பி-ஆர்க் வகை. மனித என்எல்ஆர்களின் நடுக்களம் நாக்ட் வகை. இவ்விரு களங்களும் தொலைதூர உறவினர்கள். மறுதொடர்களோடு அவை சேர்ந்த சேர்க்கையோ இரு தரப்பிலும் தனித்தனியே நிகழ்ந்தது. மனிதனில் என்பி-ஆர்க் வகையைத் தாங்கி நிற்பது அப்போப்டோசிஸின் ஏபிஏஎஃப்-1. எனவே களத்தின் உறவையும் சேர்க்கையின் உறவையும் இரு வேறு கேள்விகளாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

கூடி வளையமாகும் பழக்கம் மட்டும் எங்கும் தொடர்கிறது: அராபிடாப்சிஸ் தாவரத்தின் இசட்ஏஆர்1 ஐந்து அலகுகளாகவும், ஏபிஏஎஃப்-1 ஏழு அலகுகளாகவும், புழுவின் சிஇடி-4 எட்டு அலகுகளாகவும் கூடுகின்றன. இசட்ஏஆர்1 இன்னும் ஒரு படி மேலே போய், தானே சவ்வில் செருகிக் கால்சியம் வாயிலாகிவிடுகிறது. தாவரங்களில் கேஸ்டெர்மினும் இல்லை, உண்மையான காஸ்பேஸும் இல்லை என்பதால் இது மேலும் கவனத்துக்குரியது. தாவரங்களில் இருப்பவை மெட்டாகாஸ்பேஸ்கள். மடிப்பு ஒன்றாயினும் அவை ஆர்ஜினின் அல்லது லைசினுக்கு அடுத்து வெட்டுகின்றன, ஆஸ்பார்டிக் அமிலத்துக்கு அடுத்து அல்ல. நோயெதிர்ப்புப் புரதங்கள் பலவற்றில் காணப்படும் டிஐஆர் களத்திலும் இதே பாடம் கிடைக்கிறது. பாக்டீரியாவின் தோரிஸ் என்ற ஃபேஜ் எதிர்ப்பு அமைப்பிலும் தாவர உணர்விகளிலும் மனித நரம்பின் சார்ம்1-இலும் அது என்ஏடி மூலக்கூறை உடைக்கும் நொதி. மனிதனின் டோல்-போன்ற ஏற்பிகளிலோ அது வெறும் இணைப்புப் பகுதி.

ஒன்பதாம் படி: தேர்வழுத்தத்தை அளவிடுங்கள்

கிருமிகளோடு நேரடியாக மோதும் இடங்களில் அமினோ அமிலங்கள் வேகமாக மாறும். புரதத்தை மாற்றும் மரபெழுத்து மாற்றங்களுக்கும் மாற்றாதவற்றுக்கும் உள்ள விகிதத்தைப் பாம்ல் அல்லது ஹைஃபை மென்பொருளால் கணக்கிடலாம். விகிதம் 1-ஐ மிஞ்சும் இடங்களைக் கட்டமைப்பின் மேல் குறித்துப் பார்த்தால், மோதல் எங்கே நடக்கிறது என்று ஊகிக்கலாம். ஷிகெல்லா பாக்டீரியாவின் இபாஎச்7.8 புரதம் மனித கேஸ்டெர்மின்-பியைக் குறியிட்டு அழிக்கிறது. சில பாக்ஸ் வைரஸ்கள் எம்எல்கேஎல்லைப் போன்ற போலிப் புரதத்தை வைத்துக்கொண்டு நெக்ரோப்டோசிஸைத் தடுக்கின்றன. இத்தகைய எதிரிகள் தெரிந்த புரதத்தில் தொடங்குவது புதியவர்களுக்கு நல்லது.

பத்தாம் படி: சோதனையால் உறுதிசெய்யுங்கள்

கணினித் தேடல் கருதுகோளை மட்டுமே தரும். மனிதச் செல் வரிசை ஒன்றில், நீங்கள் கண்டறிந்த கேஸ்டெர்மினையும் அதன் இணையாகக் கருதும் புரோட்டியேஸையும் சேர்த்து வெளிப்படுத்தி, மூன்றை அளவிடுங்கள்: புரதம் எதிர்பார்த்த அளவுள்ள துண்டுகளாக வெட்டப்படுகிறதா, புரோபிடியம் அயோடைடு சாயம் செல்லுக்குள் நுழைகிறதா, லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதி வெளியே வருகிறதா. கடைசி இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது. சாயம் நுழைவது துளையைக் காட்டுகிறது. பெரிய நொதி வெளியேறுவது சவ்வு கிழிந்ததைக் காட்டுகிறது. சவ்வைக் கிழிக்கும் வேலையை நின்ஜ்1 என்ற தனிப் புரதம் செய்கிறது என்பது 2021-இல் தெரிந்த பிறகு, இந்த வேறுபாட்டைப் புறக்கணிப்பதற்கு நியாயமே இல்லை.

கட்டுப்பாட்டுச் சோதனைகளில் இரண்டைத் தவிர்க்கவே முடியாது. வெட்டுத்தளத்தின் ஆஸ்பார்டிக் அமிலத்தை அலனினாக மாற்றிய வடிவம் ஒன்று. புரோட்டியேஸின் வினைமையச் சிஸ்டைனை அலனினாக மாற்றிய வடிவம் மற்றொன்று. இந்த இரண்டில் எதிலும் செல் சாகாமல், மாற்றப்படாத இணையில் மட்டும் செத்தால், நீங்கள் வரைந்த கிளைமரத்தில் அந்தப் புரதத்தின் பக்கத்தில் அதைத் திறக்கும் நொதியின் பெயரை எழுதலாம். முன்பாதியைத் தனியே வெளிப்படுத்தியும் செல் சாகவில்லை என்றால், வெட்டுத்தளத்தைக் குறை சொல்வதற்கு முன், அந்த உயிரினத்தின் சவ்விலுள்ள லிப்பிடுகள் மனிதச் செல்லின் சவ்வில் இருக்கின்றனவா என்று பாருங்கள்; பாக்டீரியாவிலிருந்தோ பூஞ்சையிலிருந்தோ எடுத்த புரதங்களுக்கு, அவற்றின் சவ்வை ஒத்த லிப்பிடுகளால் ஆன லிப்போசோம்கள் என்ற செயற்கைக் குமிழிகளில் சாயக் கசிவை அளவிடுவதே தகுந்த அடுத்த சோதனை.